கயிறும் கரண்டும்

தோளில் வடக்கயிறும் கையில் கிணற்று உருளையுமாக அழகுமலை கோர்ட்டுக்குள் நுழைந்ததும், தூக்கு மாட்டிக்கொள்ளத்தான் வந்துவிட்டார் என்று டவாலிச் சேவகர் பதறி எழுந்தார். செல்லூர் அரிசி மில் முதலாளியான அழகுமலைக்கு அப்படி ஓர் உத்தேசமே இல்லை. கழுத்தில் மாலையோடு வீடு திரும்புவது என்று முடிவுகட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மீட்டருக்கு முன்னாலேயே கம்பி இழுத்து மில்லை ஓட்டினார் என்று கரண்ட் கம்பெனி அவர்மேல் திருட்டு வழக்குத் தொடுத்திருந்தது. "ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிருங்க, இல்லேன்னா ஜெயில்தான்" என்றார் வக்கீல். சட்டம் படித்தவருக்குக் கரண்டைப் பற்றி என்ன தெரியும் என்று அவரை அனுப்பிவிட்டார் அழகுமலை.

அவருக்குத் தெரியும். கம்பி ஏன் இரண்டு என்று மோட்டார் ஃபிட்டரிடம் கேட்டு, பாதிப் பதில் வரைக்கும் நின்று கேட்டவர் அவர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று மீதியை விட்டுவிட்டார்.

"எசமான், ஒரு கம்பியில போற கரண்ட்டு இன்னொரு கம்பியில திரும்பி வந்துருது. எம்புட்டுப் போச்சோ அம்புட்டும் கம்பெனிக்கே போய்ச் சேருது. எடுத்ததைத் திருப்பிக் குடுத்தவன் திருடனா?"

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியா?" என்று கம்பெனியின் இளம் எஞ்சினீயரைக் கேட்டார்.

"கரண்ட் குறையாதுங்கிறது உண்மைதான் சார்." கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. எஞ்சினீயர் அவசரமாகத் தொடர்ந்தார். "ஆனா அதைத் தள்ளுற அழுத்தம் இருக்கே, வோல்ட்டேஜ், அது மோட்டாரைச் சுத்துறதுல செலவாயிருது. வாய்க்கால் தண்ணி ஒரு சக்கரத்தைச் சுத்திட்டு இறங்கினா, தண்ணி குறையாது. ஆனா பள்ளத்துக்கு வந்தது தானா மேட்டுக்கு ஏறுமா? ஏத்தி விடுறது நாங்க. வோல்ட்டேஜையும் கரண்டையும் பெருக்கினா வர்ற பவரைத்தான் இவர் திருடினார்."

"பெருக்கல் வாய்ப்பாடெல்லாம் பள்ளிக்கூடத்துல வச்சுக்கங்க தம்பி" என்றார் அழகுமலை.

மாஜிஸ்ட்ரேட்டின் அனுமதியோடு உருளையை ஜன்னல் கம்பியில் கட்டினார். கயிற்றை அதில் மாட்டி, இரண்டு நுனிகளையும் முடிந்து வளையமாக்கினார். "விருமாண்டி அண்ணே, நிக்காம இழுங்க" என்று வாசலில் நின்ற கான்ஸ்டபிளை அழைத்தார்.

உருளை துருப்பிடித்துக் கிடந்தது. முக்கி முனகி ஐம்பது சுற்று இழுத்த விருமாண்டி, தலைப்பாகையைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார். மாஜிஸ்ட்ரேட் கயிற்றைப் பார்க்கவில்லை, விருமாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளந்து பாருங்க எசமான், கயிறு ஒரு நூல் குறைஞ்சிருக்கா?"

"குறையலை" என்றார் மாஜிஸ்ட்ரேட். "ரொம்ப நாள் சுத்துனாலும் குறையாதோ?"

"வருசக்கணக்காச் சுத்துனாலும் குறையாதுங்க!"

"ஆக, போனது போனபடியே திரும்பி வந்துட்டா, யாருக்கும் நட்டமில்லை. அப்படித்தானே?"

"அப்படித்தாங்க! எழுதிக்கங்க எசமான், கையெழுத்தே போட்டுத் தாரேன்."

எழுதினார்கள், போட்டும் கொடுத்தார். எஞ்சினீயரின் முகம் செத்துவிட்டது. படித்த பிள்ளையை ஒரு முழக் கயிற்றில் கட்டிப்போட்டுவிட்ட பூரிப்பில் அழகுமலைக்கு நெஞ்சு கொள்ளவில்லை. வராந்தாவில் மாலையோடு நின்ற மச்சான் கண்ணுச்சாமிக்குக் கண்ணாலேயே தயாராக இருக்கச் சொன்னார்.

"உங்க வாதத்தைக் கோர்ட்டு முழுசா ஏத்துக்குது" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

அழகுமலை தலைக்குமேல் கைகூப்பினார். மாஜிஸ்ட்ரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்:

"ஆறு மாசம் ஜெயிலுக்குப் போயிட்டு, போனபடியே திரும்பி வாங்க."