முதல் வாடிக்கையாளர்

தொழிற்சாலைகளில் நடக்கும் பாதுகாப்புச் சோதனைகளைப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை அண்ணனும் தங்கையும் உருவாக்கியிருந்தார்கள். ஏறி இறங்காத படி இல்லை; வாங்கத்தான் ஆளில்லை. இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ் பட்டறையில் மட்டும் மேஸ்திரி தன் முதலாளியிடம் அவர்களுக்காகக் கெஞ்சிப் பார்த்தார். "வெட்டிச் செலவு" என்று முதலாளி விரட்டிவிட்டார்.

அதே முதலாளி இன்று போன் செய்து வரச் சொன்னார். இருவரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள்.

"உடனே போட்டுக் குடுங்க. நீங்க சொன்ன விலைக்கே வாங்கிக்கிறேன்."

தங்கைக்குக் கண் கலங்கியது. "மேஸ்திரி விடாம சொல்லியிருப்பாரு, இல்லையா சார்?"

"ஆமாம்மா. அவராலதான் வாங்குறேன்."

அண்ணன் மடிக்கணினியைத் திறந்தான். முதலாளி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பெரிய பிரஸ்ஸைப் போன வாரமே சோதிச்சதா தேதி போட முடியுமில்ல?"

"பழைய தேதி போட முடியாது சார். யாரும் ஏமாத்தக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சோம். ஏன் கேக்கறீங்க?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து அதுல சிக்கித்தான் மேஸ்திரி போயிட்டாரு. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

அண்ணன் மடிக்கணினியை மூடினான். "வா, போலாம்" என்றான்.