62பி எந்த வழியாப் போகுது?

இளம்பரிதிக்குச் சோறு இறங்கவில்லை. சலவை ஆலையில் எட்டு வருடமாகக் கூடவே துணி மடிக்கும் ஜெசிந்தா, இன்று சாப்பாட்டுக்கு வேறு மேசைக்குப் போய்விட்டாள். ஆட்டிசம் உள்ள தம்பி நாலு பேரோடு ஒட்டட்டும் என்று அக்கா போன மாதம் காதில் மாட்டிவிட்ட, என்ன பேசலாம் என்று சொல்லித்தரும் ஏஐ காதுத்துணை கிசுகிசுத்தது: "பஸ் பேச்சு வேண்டாம். அவருக்குச் சலிக்கும். நலம் விசாரியுங்கள்."

அதைப் பிடுங்கி டிபன் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, நேரே அவளிடம் போனான்.

"ஜெசி, 62பி இப்ப மார்க்கெட் வழியாப் போறதில்ல, தெரியுமா?"

அவள் நிமிர்ந்தாள். "ஒரு மாசமா எங்கடா போயிருந்த?"

"தினமும் உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்!"

"அது எவனோ. நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போதே, சாப்பிட்டீங்களான்னு கேப்பான்."

நகர்ந்து இடம் விட்டாள்.

"எந்த வழியாப் போகுதாம்? முழுசாச் சொல்லு."