பதினாலாம் நம்பர் மரம்

கையைப் பாக்கெட்டிலிருந்து எடு என்று எஸ்ஸர் டீச்சர் இரண்டு முறை ஜாடை காட்டிவிட்டார். லோட்டே எடுக்கவில்லை.

ஊர் மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. முன் வரிசையில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர், மடியில் பீவர் கடித்துத் துப்பிய மரச்சில்லுகளோடு. அவர்களுக்குப் பின்னால் மொத்த ஊர். கடைசி வரிசையில் லோட்டேயின் அக்கா ஸ்வென்யா, மே மாதத்தில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு.

மேடையில் ஊர்த் தலைவர் லென்ட்சன். கையில் ஒரே ஒரு தாள்.

ஓடையில் அணை கட்டிக் குடியிருக்கும் பீவர் குடும்பத்தைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும் என்று மாவட்டத்துக்குப் போகவேண்டிய மனு அது. பத்து வருஷத்துக்கு முன் அவர் தன் கையால் கரையில் நட்ட பிர்ச் மரத்தை மே முதல் தேதி காலையில் காணோம். அடிக்கட்டையைப் பார்க்கலாம் என்றால், அணைத் தண்ணீர் ஏறி மூடிவிட்டது. பக்கத்திலேயே பீவர் கடித்துச் சாய்த்த வில்லோ மரம் ஒன்று கிடக்கிறது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அவர் கேட்டதும் பாதி ஊர் தலையாட்டியது. தலையாட்ட ஊருக்கு எப்போதும் பெரிய சாட்சி தேவைப்படுவதில்லை.

லோட்டே எழுந்தாள். வயது ஒன்பது. குரலில் நடுக்கம் மருந்துக்கும் இல்லை.

குளிர்காலம் முழுக்க அவர்கள் வகுப்பு ஓடைக்கரையிலேயே கிடந்ததைச் சொன்னாள். எந்த மரத்தில் பீவர் பல் வைக்கிறது என்று குறித்துக்கொள்ள, கரையில் நின்ற முப்பத்தொரு மரங்களுக்கும் வெள்ளைப் பெயின்டில் நம்பர் போட்டதைச் சொன்னாள். பீவர் கடித்த மரத்தின் அடி பென்சில் சீவினது மாதிரி கூராக இருக்கும், சுற்றிலும் சில்லு கிடக்கும் என்றாள். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் சில்லுகளைத் தூக்கிக் காட்டினார்கள்.

இது அவை குட்டி போடும் சமயம் என்றும் சொன்னாள். இப்போது தாயைப் பிடித்துக்கொண்டு போனால் குட்டிகள் கூட்டுக்குள்ளேயே செத்துப்போகும்.

அந்த இடத்தில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு தலைவரை நேராகப் பார்த்தாள்.

"லென்ட்சன் மாமா, உங்க மரத்தை பீவர் தொடவே இல்ல. அது உங்க வீட்டு வாசல்லதான் நிக்குது. ரிப்பனைப் பிரிச்சுப் பாருங்க, பதினாலுன்னு போட்டிருக்கும்."

எல்லார் தலையும் வாசல் பக்கம் திரும்பியது.

ஏப்ரல் கடைசி ராத்திரியில் பிர்ச் மரம் ஒன்றை வெட்டிவந்து, மனசுக்குப் பிடித்தவளின் வீட்டு வாசலில் கட்டி, வண்ணக் காகித ரிப்பன் சுற்றிவிட்டுப் போவது அந்தப் பக்கத்துப் பையன்களின் வழக்கம். லீப் வருஷத்தில் மட்டும் அது பெண்களின் முறை. இது லீப் வருஷம்.

லென்ட்சனின் மகன் ஹென்ரிக்குக்கு யாரோ ஒருத்தி நீல ரிப்பனோடு மரம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். யார் என்பதை மாதக் கடைசியில் அவளே வந்து சொன்னால்தான் உண்டு. ஊரிலேயே உயரமான மரம் என் பையனுக்குத்தான் என்று லென்ட்சன் இரண்டு நாளாகப் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் வீடு மண்டபத்துக்கு எதிர்வரிசையில்தான். எல்லோரும் எழுந்து போனார்கள். மழைநீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்த மரத்தின் அடி, ரம்பத்தால் அறுத்துத் தட்டையாக இருந்தது. காலையில் பெய்த மழையில் ரிப்பன் நனைந்து மரத்தோடு ஒட்டிக்கிடந்தது. லென்ட்சன் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார்.

மூன்றாவது சுற்றுக்கு அடியில் இருந்தது, வெள்ளைப் பெயின்டில் பதினாலு.

முதலில் யாரோ ஒருவர் தும்முவது போலச் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. முகம் சிவந்து நின்ற லென்ட்சனுக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. மனுவை நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். தாளில் நீலம், சட்டையில் நீலம், பத்து விரலிலும் நீலம்.

"அது காகிதச் சாயம். ஒரு வாரத்துக்குப் போகாது," என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

பிள்ளைகள் லோட்டேயைத் தோளில் தூக்காததுதான் பாக்கி. எஸ்ஸர் டீச்சர் மட்டும் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று சுற்று ரிப்பன். வெளியே இருந்து பார்த்தால் நம்பர் தெரிய வழியே இல்லை.

அவர் லோட்டேயின் பக்கத்தில் வந்து குனிந்தார். பாக்கெட்டுக்குள் இருந்த கையை மெல்ல வெளியே எடுத்தார்.

நகக்கண் எல்லாம் நீலம்.

அவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்ற பெண் அப்போதுதான் தலையைக் குனிந்தாள். கண் நிறைந்துவிட்டது.

டீச்சர் அந்தக் கையைத் திரும்பப் பாக்கெட்டுக்குள்ளேயே விட்டார்.

"வீட்டுக்குப் போனதும் எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் கழுவு. பாதியை அக்காவுக்குக் குடு."