பேராசிரியர் பியோவின் வினாத்தாள்

"பத்துக் கேள்வி போதும் பேராசிரியரே. வர்றவங்களுக்கு உயிர் போகுது," என்று மன்றாடினார் சியோல் நகர மனநல ஆலோசகர் ஹ்யேரான்.

"இருநூறும் வேணும். பத்துல நோயைக் கண்டுபிடிக்க இதென்ன ஜோசியமா?" என்றார், அந்த வினாத்தாளைப் பெற்றெடுத்த பேராசிரியர் பியோ.

வேறு வழியில்லாமல் பேருந்து ஓட்டுநர் போங்கை உள்ளறையில் உட்காரவைத்து, அதையே நீட்டினார் ஹ்யேரான். குணமாகாவிட்டால் போங்குக்கு வேலை போய்விடும்.

சிறிது நேரத்தில் ஹ்யேரான் எடுத்துவந்த தாளைப் பார்த்துப் பேராசிரியர் கொதித்தார். "பாதியிலேயே நிறுத்திட்டானே! இதை வச்சு என்ன ஆராய்ச்சி பண்றது? சரி, உங்க இஷ்டப்படியே குறைச்சுத் தொலைக்கிறேன்."

"ஐயையோ, ஒண்ணைக்கூடக் குறைச்சிடாதீங்க!" என்று பதறினார் ஹ்யேரான். "கொஞ்சம் மெதுவாவும் பேசுங்க. மூணு மாசமா பொட்டுத் தூக்கமில்லாம தவிச்ச மனுஷன், இப்பதான் மேசையில சாஞ்சு குறட்டை விடுறாரு."