மேடு ஏறாத ஜீப்

"மூணாவது தடவையா வந்திருக்கேன்! பிளக்கை மாத்தினே, கார்புரேட்டரைக் கழுவினே. இன்னும் மேட்டுல நத்தை மாதிரி ஊருது. நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

ஜீப்காரர் கத்தியதும் மெக்கானிக்குக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. இத்தனை வருஷத்தில் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை.

"எப்பலேர்ந்து சார் இப்படி?"

"பள்ளத்துல பாய்ஞ்சு, ரிப்பேர் முடிஞ்சு வந்ததுலேர்ந்து. பழைய பெட்ரோல் வண்டிதான், ஆனா அதுக்கு முன்னாடி வளைவுலகூட பறக்கும்!"

பின் சீட்டில் அவர் மனைவி, அடிபட்ட கழுத்தில் பட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஆக்சிலேட்டரை முழுசா மிதிங்க சார்."

"மிதிச்சாச்சு! இதுக்கு மேல போகாது!"

ஆனால் மெக்கானிக் பானெட்டுக்குள் பார்த்தபோது, பெட்ரோல் போகும் கார்புரேட்டரின் வாய் பாதிதான் திறந்திருந்தது.

அதற்குள் போன் வந்தது. அதிலும் யாரையோ திட்டிக்கொண்டே அவர் வாசலுக்குப் போனார். மெக்கானிக் குனிந்து கால்மிதியைத் தூக்கினான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை, ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தது.

அவனுக்கு ரத்தம் கொதித்தது. எவனோ செய்த வேலைக்கு இவன் பேச்சு வாங்குவதா? ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"கழட்டாதீங்க தம்பி," என்றார் அந்த அம்மா, மெல்ல. "நான்தான் வெச்சேன். மெதுவாப் போங்கன்னு சொன்னா கேக்கற மனுஷன் இல்ல. நாளையிலேர்ந்து பேத்தியை இதுலதான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறாராம்."

"என்னடா, கண்டுபிடிச்சியா?" வாசலிலிருந்து அவர் கத்தினார். "இல்ல, வேலை தெரியாதுன்னு ஒத்துக்கறியா?"

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்க்ரூவை இன்னும் இறுக்கினான். கால்மிதியைப் போட்டு மூடிவிட்டு எழுந்தான்.

"தெரியாது சார்."