ஜன்னலோரக் கட்டில்

"நாட்டுக்குப் போனதும் முதல் வேலை, அந்த ஹிஷாமைப் பிடிச்சு உள்ள தூக்கிப் போடுறதுதான்," என்றார் நுஃமான், பிரியாணி எலும்பை ஓரமாக ஒதுக்கியபடி.

"விசாரிச்சிட்டா, விசாரிக்காமலா?" என்று கேட்டான் நிஜாம்.

"அவனுக்கெல்லாம் விசாரணை எதுக்கு?"

ராஜிக் தயிர்ப் பச்சடியை நுஃமான் பக்கம் நகர்த்தி வைத்தார்.

துபாய் கராமாவில் அந்த ஃப்ளாட் ராஜிக்கின் பெயரில் இருந்தது. அதிராம்பட்டினத்துக்காரர், கீழே செல்போன் கடை வைத்திருக்கிறார். ஒரே அறையில் நான்கு கட்டில்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, நுஃமானை வழியனுப்புவதற்காக எல்லோரும் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நிஜாமும் ஸ்ரீகாந்தும் ரூமுக்குப் புதுசு. போன வருடம் வந்தவர்கள். ராஜிக்கை நிஜாம் அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவான்.

நுஃமான் தன் நாட்டில் நீதிபதியாக இருந்தவர். அரசாங்கத்தைத் திட்டி எழுதிய ஒருவனைத் தண்டிக்க மறுத்தார். தலைமை நீதிபதி ஹிஷாம் அவரையே கைது செய்ய உத்தரவு போட்டார். மீன் லாரியில் ஒளிந்து எல்லை தாண்டி துபாய் வந்து சேர்ந்தவர், ஆறு வருடமாக ஒரு டைப்பிங் சென்டரில் ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் விசா விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தார். போன மாதம் அந்த ஆட்சி கவிழ்ந்தது. அதிபர் பெட்டி படுக்கையோடு ஹெலிகாப்டரில் பறந்துவிட்டார். நீதிமன்றங்களைச் சீர்திருத்தும் பொறுப்பைப் புது அரசாங்கம் நுஃமானிடம் கொடுத்திருந்தது.

ரூமில் எப்போதுமே அவர்தான் நீதிபதி. ஃபிரிட்ஜில் முட்டை காணாமல் போனாலும், பாத்ரூமில் யாராவது அதிக நேரம் எடுத்துக்கொண்டாலும் வழக்கு அவரிடம்தான் வரும்.

"ஸ்ரீகாந்தோட முட்டைய நான் தின்னுட்டேன்னு ஒரு வாரம் பாத்திரம் கழுவ வச்சீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" நிஜாம் விடுவதாக இல்லை. அரபியும் இந்தியும் கலந்த ரூம் பாஷையில் கேட்டான்.

"உன் முகத்தைப் பார்த்தேன். அது போதும்."

"நான் திங்கவே இல்ல பாய்."

"அப்ப அப்பீல் பண்ணியிருக்கலாமே."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

ஸ்ரீகாந்துக்குப் புரையேறியது. ராஜிக் மட்டும் சிரிக்கவில்லை.

"நுஃமான் பாய், ஒண்ணு கேட்டா செய்வீங்களா?" என்றார். "அங்க போய் யாரைக் கூண்டுல நிறுத்தினாலும், ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத் தீர்ப்பு சொல்லுங்க."

நுஃமான் நெஞ்சில் கை வைத்தார். "அதுக்குத்தானே போறேன். இனிமே எந்த நீதிபதிக்கும் எந்த மந்திரியும் போன் பண்ண முடியாது. விசாரணை இல்லாம ஒருத்தன்கூட ஜெயில்ல இருக்க மாட்டான்." கொஞ்சம் யோசித்து, "ஹிஷாமைத் தவிர," என்றார்.

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. ஆறு வருடமாக அவருடைய போனை எடுக்காத தூதரகம், இன்று கொடி கட்டிய காரையும் கோட் போட்ட ஓர் அதிகாரியையும் அனுப்பியிருந்தது. அதிகாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். நுஃமான் ராஜிக்கைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நீங்க இடம் தரலேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்?"

"பத்திரமாப் போயிட்டு வாங்க," என்றார் ராஜிக்.

"இனிமே எங்க வர்றது? போறதுதான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நுஃமான் காரில் ஏறினார்.

மேலே வந்ததும் நிஜாம் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டான். "காக்கா, ஜன்னலோரக் கட்டில் இனிமே எனக்குத்தானே?"

"இல்லடா. அதுக்கு ஆள் வருது."

"அதுக்குள்ளயா? யாரு?"

"வயசானவரு. காலையிலதான் போன் பண்ணினாரு. போக வேற இடமில்லையாம்."

காலிங் பெல் அடித்தது. ராஜிக் கதவைத் திறந்தார். விலை உயர்ந்த கோட்டும் காலில் ரப்பர் செருப்புமாக ஒருவர் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. லிஃப்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து படியேறியே வந்திருக்கிறார், மூச்சு இரைத்தது.

"வாங்க, ஹிஷாம் பாய்," என்றார் ராஜிக்.

நிஜாமின் கையிலிருந்து தலையணை நழுவியது. "காக்கா, அந்த ஹிஷாமா?" என்று தமிழில் கிசுகிசுத்தான். "இவரைப் போயா உள்ள விடுறீங்க?"

"பசியோட வந்திருக்காரு. சோத்தை எடுத்து வை."

கை கழுவப் போன ஹிஷாம், சட்டையெல்லாம் நனைந்து திரும்பி வந்தார்.

"பாத்ரூம் குழாயை இன்னும் மாத்தலையா, ராஜிக் பாய்?" என்றார். "கோர்ட்டையெல்லாம் சீர்திருத்தப் போறேன்னு நான் இங்கேருந்து கிளம்பின அன்னைக்கும் இப்படித்தான் பீய்ச்சி அடிச்சுது."