செத்தவருக்குத் தினம் ஒரு இலை

"பெத்த பிள்ளைங்களுக்கு மரவள்ளிக் கிழங்கு. செத்த புருஷனுக்கு அரிசிச் சோறு. இவளும் ஒரு தாயா?"

கிணற்றடியில் பூங்காவனம் கேட்டாள். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் ஆமாம் போட்டார்கள்.

ஜப்பான்காரன் காலம். காஜா பேராங் ஊரில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே பெரும் பாடு. பக்கத்து வீட்டு அஞ்சலை விடியுமுன்னே கிளேபாங் கடற்கரைக்கு நடப்பாள். கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுப்பாள். அதைத் தலையில் சுமந்து மலாய்க்காரர் கிராமங்களுக்கு, கம்போங் கம்போங்காகப் போய் அரிசிக்கு மாற்றி வருவாள். உழைப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதைப் பூங்காவனமே ஒத்துக்கொள்வாள்.

அந்த அரிசியை அவள் என்ன செய்தாள் என்பதில்தான் எரிச்சல்.

யுத்தத்துக்கு முன்பே காலமானவர் அவள் புருஷன் மருதப்பன். விளக்கு வைத்ததும் உள்ளறையில் அவர் படத்துக்கு முன்னால் இலை போடுவாள். கதவைச் சாத்திவிட்டு, தன் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

படைத்ததைப் போனவர் வந்து சாப்பிடும்வரை ஆள் இருக்கக்கூடாது, சரி. ஆனால் ஊரெல்லாம் அமாவாசைக்குப் படைத்தது. இவள் தினமும் படைத்தாள்.

"ஏன்க்கா தினமும்?" என்று பூங்காவனம் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"கனவுல வந்து பசிக்குதுங்கிறாரு."

"உயிரோட இருந்தப்ப குருவி மாதிரி கொத்தித் தின்ன மனுஷன். இப்ப வழிச்ச இலைதான் வெளிய வருது."

"அங்க போனப்புறம் நல்லாப் பசியெடுக்குதாம்," என்றாள் அஞ்சலை, சிரிக்காமல்.

பூங்காவனத்துக்கும் சிரிப்பு வரவில்லை. அவளுடைய ஒரே மகன் சேதுபதி பாசாருக்குச் சாமான் வாங்கப் போனவன்; ஜப்பான்காரர்கள் பிடித்துச் சயாம் ரயில்பாதை வேலைக்கென்று லோரியில் ஏற்றிவிட்டார்கள். அங்கே போனவர்கள் திரும்பியதாகப் பேச்சே இல்லை.

அதற்குப் பிறகும் ஜப்பான்காரன் இரண்டு தடவை அவள் வீட்டுக்குள் புகுந்து பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தான். இன்னும் ஆள் பிடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அவன் பூட்ஸ் காலைக் கட்டிக்கொண்டு, "இருந்த ஒண்ணையும் கொண்டு போயிட்டீங்களேய்யா, குடுத்திடுங்கய்யா," என்று தெருவே கூடும்படி கதறினாள். அவன் காலை உதறிக்கொண்டு போனான்.

அஞ்சலை வாசலில் நின்று பார்த்தாளே தவிர, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. பூங்காவனத்துக்கு இருந்த நம்பிக்கையும் விட்டுப்போனது. சட்டியை எடுத்துக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, ஒரு பிடி அரிசி குடு. என் மவனுக்கு இலை போடணும்."

அஞ்சலை முகம் இறுகிவிட்டது. "முடியாது."

"ஒரே பிடிக்கா."

"சேதுபதிக்குப் படைக்கிறதுக்கு என் வீட்டு அரிசியில ஒரு மணிகூடத் தரமாட்டேன். போ."

"உன் புருஷன் தின்னு தள்ளட்டும், என் பிள்ளை பட்டினியா அலையட்டும். அதானே?"

அஞ்சலை கதவைச் சாத்தினாள். பூங்காவனம் சட்டியை வாசலிலேயே போட்டு உடைத்தாள். மண்ணை வாரித் தூற்றினாள்.

ஆவணியில் ஜப்பான்காரன் தோற்றான். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அவன் ஊரைவிட்டுப் போன அன்று, அஞ்சலை தானாக வந்து நின்றாள்.

"பூங்கா, இன்னிக்கு நீ வந்து இலை போடு."

"உன் புருஷனுக்கு நான் எதுக்குப் போடணும்?"

"வாயேன்."

கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பூங்காவனம் வேண்டாவெறுப்பாக இலையில் சோற்றை வைத்துவிட்டு, கதவைச் சாத்தப் போனாள். அஞ்சலை தடுத்தாள். பரணைப் பார்த்து, "இறங்கி வாப்பா," என்றாள்.

அடுக்கிய விறகுக்குப் பின்னாலிருந்து ஒரு கால் வந்தது. கோணலாக ஒட்டிய இன்னொரு கால் வந்தது. பிறகு சேதுபதி வந்தான். வெயில் படாமல் வெளுத்திருந்தான். ஆனால் அந்தத் தெருவில் கன்னத்தில் கொஞ்சம் சதை இருந்தது அவனுக்கு மட்டும்தான்.

"லோரியிலிருந்து குதிச்சுக் காலை ஒடிச்சுக்கிட்டுக் கிடந்தான். புக்கிட் ரம்பாய் பக்கம் விறகுக்குப் போன என் கண்ணுல பட்டான். வண்டியில விறகுக்கு அடியில போட்டுக் கொண்டாந்தேன்."

பூங்காவனம் மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி, அஞ்சலை தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"ஒரு சுவருதானேக்கா நடுவுல. என் காதுல ஒரு சொல்லு போடக்கூடாதா? நான் செத்துச் செத்து அழுதேனே."

"அதனாலதான் சொல்லலை. தப்பிச்சவனைத் தேடித்தானே அவன் உன் வீட்டைப் புரட்டினான்? என் பிள்ளைங்க வாயை அடைச்சேன். உன் முகத்தை எப்படி அடைப்பேன்? நீ கதறினதைப் பார்த்துத்தான் அவன் நம்பித் திரும்பிப் போனான். சோறு போட்டது நானு. உசுரைக் காப்பாத்தினது உன் அழுகை."

அதற்கப்புறம் அஞ்சலை பாசாரில் காய்கறிக் கடை போட்டாள். பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். பேரன் பேத்திகளை இடுப்பில் வைத்துக்கொண்டே வியாபாரம் பார்த்தாள். படுக்கையில் விழாமல் போய்ச் சேர்ந்தாள்.

அவள் போன வருஷத்து ஆடி அமாவாசைக்கு, தலை நரைத்த சேதுபதி காலைச் சாய்த்துச் சாய்த்து அரிசி மூட்டையோடு வந்தான். அதே உள்ளறையில் அஞ்சலைக்கு இலை போட்டார்கள். அவள் பேத்தி விஜயா வழக்கப்படி கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதே," என்றாள் கூன் விழுந்த பூங்காவனம். "உங்க பாட்டி கதவைச் சாத்திப் படைச்சதெல்லாம் உயிரோட இருந்தவனுக்கு. அவ எதுக்கு ஒளிஞ்சு சாப்பிடணும்? நல்லாத் திறந்து வை. தெருவே பார்க்கட்டும்."